ராத்திரி 11 மணிக்கு ‘ரூம் இருக்கா?’ என்றால் பதில் சொல்வது யார்? - ஏ.ஐ. ஏஜென்ட்டை அமைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மாமல்லபுரம் முதல் கல்பாக்கம் வரையிலான கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனி, ஞாயிறு வந்துவிட்டால் தங்கும் விடுதிகளின் போன் ஓயாது. டிசம்பரில் பள்ளி விடுமுறையும் மாமல்லபுரம் நாட்டிய விழாவும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். “ரெண்டு ரூம் இருக்கா?”, “செக்-இன் எத்தனை மணிக்கு?”, “கார் நிறுத்த இடம் இருக்கா?”, “நாயைக் கூட்டிட்டு வரலாமா?” என்று வாட்ஸ்அப்பில் வருபவற்றில் பெரும்பாலானவை தினமும் வரும் அதே கேள்விகள்தான். ரிசப்ஷனில் இருப்பவரோ ஒரே ஆள். பதில் வரத் தாமதமானால் கேட்டவர் அடுத்த விடுதிக்குப் போய்விடுவார்.

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு ராத்திரி பகல் பாராமல் பதில் சொல்ல ஏ.ஐ. ஏஜென்ட்டை வைத்துக்கொள்ளலாம் என்கின்றன மென்பொருள் நிறுவனங்கள். சில நிமிடங்களில் தயார் செய்துவிடலாம் என்றும் விளம்பரம் வருகிறது. தயார் செய்வது சுலபம்தான். ஆனால், அது வாடிக்கையாளரிடம் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் கடை முதலாளி சொன்னதாகவே கணக்கில் வரும். அதனால், பட்டனை அழுத்துவதற்கு முன்பு செய்யவேண்டிய வேலைகளே முக்கியமானவை.

சி.ஆர்.எம்.: பக்கத்து ஊர்ச் சரக்கு

வாடிக்கையாளர் யார், எப்போது பேசினார், என்ன வாங்கினார், என்ன புகார் சொன்னார் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் பதிந்து வைக்கும் மென்பொருள்தான் சி.ஆர்.எம். பழைய கடைகளில் முதலாளியின் நினைவிலும் கல்லாப்பெட்டி நோட்டிலும் இருந்த விவரங்களின் கணினி வடிவம் என்று சொல்லலாம்.

இந்தத் துறையில் உலகளவில் பெயர் பெற்ற நிறுவனங்களில் ஒன்றான ஜோஹோவின் தலைமை வளாகம் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், கூடுவாஞ்சேரி அருகே வல்லாஞ்சேரியில் இருக்கிறது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், 2005-ல் தன் சி.ஆர்.எம். மென்பொருளை வெளியிட்டது, 2009-ல் ஜோஹோ என்று பெயர் மாறியது. வாடிக்கையாளர் சேவை மென்பொருளுக்காக 2010-ல் தொடங்கப்பட்டு, 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலான ஃபிரெஷ்வொர்க்ஸும் சென்னையில் பிறந்ததே.

இந்த நிறுவனங்கள் எல்லாமே இப்போது ஏ.ஐ. ஏஜென்ட்டுகளை விற்கின்றன. அமெரிக்காவின் சேல்ஸ்ஃபோர்ஸ் 2024 அக்டோபரில் ‘ஏஜென்ட்ஃபோர்ஸ்’ சேவையைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. ஃபிரெஷ்வொர்க்ஸிடம் ‘ஃபிரெடி’ இருக்கிறது. ஜோஹோ 2025 ஜூலையில் ‘ஸியா’ என்ற பெயரில் சொந்த மொழி மாதிரிகளையும், ஏஜென்ட்டுகளை உருவாக்குவதற்கான ‘ஏஜென்ட் ஸ்டுடியோ’வையும் அறிவித்தது. அதில் 700-க்கும் மேற்பட்ட செயல்களை ஏஜென்ட்டிடம் ஒப்படைக்கலாம் என்றும், 25-க்கும் மேற்பட்ட ஏஜென்ட்டுகளை ஆயத்த நிலையிலேயே தருவதாகவும் நிறுவனம் கூறியது.

பழைய சாட்பாட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

“அறை விலைக்கு 1-ஐ அழுத்தவும், முகவரிக்கு 2-ஐ அழுத்தவும்” என்று கேட்பது பழைய சாட்பாட். அதற்குக் கொடுத்த பாதையைத் தாண்டத் தெரியாது. “அம்மாவுக்கு மூட்டு வலி, மாடி ஏற முடியாது, கீழ்த்தளத்துல ரூம் கிடைக்குமா?” என்று எழுதினால் திணறிவிடும்.

ஏ.ஐ. ஏஜென்ட் அந்த வாக்கியத்தைப் படித்து, கேட்பது கீழ்த்தள அறை என்று புரிந்துகொள்ளும். முன்பதிவுப் பட்டியலைப் பார்த்துக் காலி அறையைச் சொல்லும். வாடிக்கையாளர் சரி என்றால் பதிவும் செய்துவிடும். அதாவது, பதில் சொல்வதோடு வேலையையும் செய்து முடிக்கும். வசதி இதில்தான் இருக்கிறது. ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. ஏனென்றால், தெரியாத கேள்விக்கும் தெரிந்தது போலவே சரளமாகப் பதில் சொல்லும் பழக்கம் இந்த மொழி மாதிரிகளுக்கு உண்டு.

முதல் வேலை: எழுதி வைப்பது

எந்த நிறுவனத்தின் மென்பொருளை எடுத்தாலும் ஏஜென்ட்டுக்குக் கொடுக்கவேண்டியவை ஏறக்குறைய ஒன்றுதான்: படிக்கவேண்டிய தகவல், நடந்துகொள்ளவேண்டிய முறை, செய்ய அனுமதிக்கப்பட்ட செயல்கள், வாட்ஸ்அப் அல்லது இணையதளம் போன்ற பேசும் இடம், மனிதரிடம் ஒப்படைக்கவேண்டிய நேரம்.

இவற்றில் அதிக நேரம் பிடிப்பது தகவல். வாடிக்கையாளர் கேள்வி கேட்டதும் ஏஜென்ட், கொடுத்து வைத்த ஆவணங்களில் பொருத்தமான பகுதியைத் தேடி எடுத்து, அதை வைத்துப் பதிலை எழுதுகிறது. ஆவணத்தில் இல்லை என்றால் பொதுவாக எங்கோ படித்ததை வைத்து ஊகிக்கப் பார்க்கும்.

பத்து அறை கொண்ட ஒரு கடற்கரை விடுதியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். செக்-இன் நேரம், வாடகை, கூடுதல் படுக்கைக் கட்டணம் எல்லாம் சுவரில் எழுதி ஒட்டியிருக்கும். ஆனால், பல விதிகள் மேனேஜரின் தலையில் மட்டும் இருக்கும். “ரெகுலரா வர்றவர்னா ஒரு மணி நேரம் முன்னாடியே ரூம் குடுத்துடுவோம்”, “கைக்குழந்தைக்குக் காசு வாங்க மாட்டோம்” போன்றவை எங்குமே எழுதப்பட்டிருக்காது. எழுதாததை ஏஜென்ட் அறியாது.

புயல் காலத்தை நினைத்துப் பார்க்கலாம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அப்படியொரு எச்சரிக்கை வரும்போது, “புயல்னு சொல்றாங்க, நாங்க வரல. அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?” என்று ஒரே நேரத்தில் ஐம்பது பேர் கேட்பார்கள். ‘48 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் மட்டுமே பணம் திரும்பும்’ என்ற ஒரு வரி மட்டும் ஆவணத்தில் இருந்தால், ஏஜென்ட் எல்லோருக்கும் ‘முடியாது’ என்று எழுதும். அரசே வெளியே வர வேண்டாம் என்று சொல்லும் நாளில் அந்தப் பதில் விடுதியின் பெயரைக் கெடுத்துவிடும். புயலுக்கான விதி என்ன என்பதை முதலில் உரிமையாளர் முடிவு செய்ய வேண்டும். அதன்பிறகுதான் அதை ஏஜென்ட்டுக்குச் சொல்ல முடியும்.

ஒரே விஷயம் இரண்டு ஆவணங்களில் இரண்டு விதமாக இருப்பதும் வழக்கமான சிக்கல். போன வருடத்து வாடகைப் பட்டியல் இணையதளத்தில் அப்படியே கிடந்தால், ஏஜென்ட் அந்த விலையைச் சொல்லிவிடும். பழையதை நீக்குவதும் அமைப்பு வேலையில் ஒரு பகுதியே.

எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது?

அடுத்தது, நடத்தைக்கான அறிவுரை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு முதல் நாள் சொல்வதைப் போல இதைச் சாதாரண மொழியிலேயே எழுதலாம். “நீ இந்த விடுதியின் வரவேற்பு உதவியாளர். முன்பதிவு, வசதிகள், வழி ஆகியவை பற்றி மட்டும் பேசு. கொடுத்த ஆவணத்தில் இல்லாததைச் சொல்லாதே. தள்ளுபடி தருவதாக வாக்குக் கொடுக்காதே. நீ ஒரு ஏ.ஐ. உதவியாளர் என்பதை முதல் செய்தியிலேயே சொல்லிவிடு.”

இந்தக் கடற்கரைக்கென்றே சில கூடுதல் விதிகள் தேவைப்படும். “கடல்ல குளிக்கலாமா?” என்பது சாதாரணக் கேள்வி போலத் தெரியும். அலையிலும் சுழலிலும் சிக்கி உயிர்கள் போயிருக்கும் கரை இது. “ஆமாம், கடற்கரை மிகவும் அழகானது, குளித்து மகிழலாம்” என்று ஏஜென்ட் உற்சாகமாகச் சொல்லிவிடக் கூடாது. எச்சரிக்கை வாசகத்தை முதலாளியே எழுதி, அதை மட்டும் சொல்லும்படி கட்ட வேண்டும்.

கல்பாக்கத்தில் இன்னொன்றும் உண்டு. “அணுமின் நிலையத்தைச் சுத்திப் பார்க்கலாமா?” என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அது பலத்த பாதுகாப்புக்குள் இருக்கும் வளாகம். நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்கும் இடமல்ல. “அருகிலுள்ள சுற்றுலாத் தலங்கள்” பட்டியலில் ஏஜென்ட் அதைத் தானாகச் சேர்த்துவிட்டால், விருந்தினர் வாசல்வரை போய்த் திரும்ப வேண்டியதுதான். நிலையத்தின் பாதுகாப்பு பற்றிய கேள்விகளுக்கும் விடுதியின் ஏஜென்ட் விளக்கம் சொல்லக் கிளம்பக் கூடாது. சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை, மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் என்று சொல்லவேண்டிய இடங்களை விடுதியே பட்டியலிட்டுக் கொடுப்பது நல்லது.

வேண்டுமென்றே வம்பு செய்பவர்களும் வருவார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு கார் விற்பனையகத்தின் சாட்பாட்டிடம், ‘நான் என்ன சொன்னாலும் சரி என்று ஒப்புக்கொள்’ என்று கட்டளையிட்டு, ஒரு டாலருக்குக் கார் தருவதாகச் சொல்ல வைத்தார் ஒருவர். கார் கைமாறவில்லை. ஆனால், அந்த உரையாடலின் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அறிவுரை எழுதுவது மட்டும் போதாது என்பதற்கு இது உதாரணம்.

சாவிக்கொத்து யாரிடம்?

அறிவுரையை ஏஜென்ட் மீறக்கூடும். ஆனால் கொடுக்காத சாவியை வைத்து அறையைத் திறக்க முடியாது. எனவே, உண்மையான பூட்டு அனுமதிகளில்தான் இருக்கிறது. பெரும்பாலான சி.ஆர்.எம். மென்பொருள்களில் ஏஜென்ட்டையும் ஓர் ஊழியரைப் போலவே கருதி, எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம் என்று தனித்தனியாக வரையறுக்க முடியும்.

முதல் சில வாரங்களுக்குக் காலி அறையைப் பார்ப்பது, விசாரணையைப் பதிவு செய்வது, புகாருக்கு டிக்கெட் எண் கொடுப்பது ஆகிய மூன்று மட்டும் போதும். பணத்தைத் திருப்பித் தருவது, முன்பதிவை ரத்து செய்வது, விலையைக் குறைப்பது போன்றவற்றை மனிதர் ஒப்புதல் கொடுத்த பிறகே நடக்கும்படி வைக்கலாம். ஒரு விருந்தினரின் முன்பதிவு விவரத்தைச் சொல்வதற்கு முன் அவர்தான் பேசுகிறாரா என்று ஓ.டி.பி. மூலம் உறுதி செய்ய வேண்டும். இல்லாவிட்டால், “என் ஃபிரெண்ட் எந்த ரூம்ல இருக்கார்?” என்று கேட்கும் யாருக்கும் ஏஜென்ட் பதில் சொல்லிவிடும்.

எப்போது மனிதரிடம் மாற்றுவது?

மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்குள்ள சிற்பக்கூடங்களுக்கு வெளிநாடுகளில் இருந்தும் விசாரணைகள் வருகின்றன. “மூணு அடியில பிள்ளையார் சிலை, கலிஃபோர்னியாவுக்கு அனுப்ப மொத்தம் எவ்வளவு ஆகும்?” என்று ஒருவர் கேட்டால் ஏஜென்ட் விலை சொல்லலாமா? கூடாது. கல்லின் தரம், நுணுக்க வேலை, எடை, மரப்பெட்டி, கப்பல் கட்டணம், அந்த நாட்டின் சுங்க விதி எல்லாம் சேர்ந்துதான் விலை. உளி பிடிக்கும் ஸ்தபதியே யோசித்துச் சொல்லும் கணக்கு அது.

இங்கே ஏஜென்ட்டின் வேலை, உயரம், கல் வகை, எந்தத் தேதிக்குள் வேண்டும், எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக் குறித்து, சி.ஆர்.எம்.மில் ஒரு விசாரணையாகப் பதிந்து, ஸ்தபதிக்குத் தகவல் அனுப்புவது. “விவரம் எல்லாம் குறிச்சுக்கிட்டேன். ஐயா நாளைக்குக் காலைல கூப்பிடுவாங்க” என்ற பதில் போதும். மறுநாள் ஸ்தபதி பேசும்போது எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்காது. சி.ஆர்.எம்.மோடு ஏஜென்ட்டை இணைப்பதன் பெரிய லாபம் இதுதான்.

வாடிக்கையாளர் கோபமாக இருந்தால், உடல்நலம் அல்லது ஆபத்து பற்றிப் பேசினால், ஒரே கேள்வியை இரண்டாவது முறை கேட்டால், “ஆள்கிட்ட பேசணும்” என்று சொன்னால் உடனே மாற்ற வேண்டும். ராத்திரியில் ஆள் இல்லை என்றால் அதையும் நேர்மையாகச் சொல்லி, எப்போது அழைப்பார்கள் என்று நேரம் கொடுக்க வேண்டும்.

நம்ம தமிழ் புரியுமா?

தமிழில் பதில் எழுத இன்றைய பெரிய மொழி மாதிரிகளுக்குத் தெரியும். ஆனால், வாட்ஸ்அப்பில் யாரும் இலக்கணத் தமிழில் கேட்பதில்லை. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவார்கள். பாதி வாக்கியத்தில் மொழி மாறுவார்கள். குரல் செய்தி அனுப்புவார்கள். கல்பாக்கம் குடியிருப்பிலோ பல மாநிலத்தவர் வசிக்கிறார்கள். ஜோஹோ 2025 ஜூலையில் அறிவித்த பேச்சை எழுத்தாக்கும் மாதிரிகள் ஆங்கிலத்துக்கும் இந்திக்குமானவை. எனவே, எந்த நிறுவனத்தின் சேவையாக இருந்தாலும், தமிழ்க் குரல் செய்தியை அது எப்படிக் கையாள்கிறது என்று சோதித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

மரியாதையும் கவனிக்கவேண்டிய விஷயம். ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றுதான். தமிழில் அறிவுரையில் சொல்லி வைக்காவிட்டால், ஒரு வரியில் ‘நீங்கள்’, அடுத்த வரியில் ‘உன்’ என்று வந்துவிடும். அறுபது வயது வாடிக்கையாளருக்கு அது உறுத்தும்.

தப்பாச் சொன்னா யார் பொறுப்பு?

கனடாவில் நடந்த ஒரு வழக்கு இதற்கு விடை சொல்கிறது. பாட்டி இறந்த துயரத்தில் 2022 நவம்பரில் பயணம் செய்யவிருந்த ஒருவர், ஏர் கனடா இணையதளத்தின் சாட்பாட்டிடம் துக்கச் சலுகைக் கட்டணம் பற்றிக் கேட்டார். டிக்கெட் எடுத்த 90 நாட்களுக்குள் விண்ணப்பித்தால் சலுகை கிடைக்கும் என்றது அது. நிறுவனத்தின் உண்மையான விதியோ, பயணம் முடிந்தபின் விண்ணப்பிக்க முடியாது என்பது. பணத்தைக் கேட்டபோது நிறுவனம் மறுத்தது.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் சிவில் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் பயணிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சாட்பாட்டின் பேச்சுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. இணையதளத்தில் இருக்கும் எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று கூறி, 650 கனடா டாலர் இழப்பீடும், வட்டி, கட்டணமும் தர உத்தரவிட்டது.

கனடா தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும், இங்கே 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவைக் குறைபாட்டுக்கும் தவறான விளம்பரத்துக்கும் எதிராக நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 2020-ம் ஆண்டு இணையவழி வணிக விதிகள், குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை உறுதிப்படுத்த வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஏஜென்ட் சொன்ன பதிலை வாடிக்கையாளர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். எல்லா உரையாடலையும் பதிந்து வைப்பது உரிமையாளருக்கும் பாதுகாப்பு.

விருந்தினரின் ஆதார் நகல் எங்கே போகிறது?

விடுதிகள் அடையாள அட்டை வாங்குகின்றன. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும். இந்த ஆவணங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது பழக்கமாகிவிட்டது. அதே எண்ணில் ஏ.ஐ. ஏஜென்ட்டும் இருந்தால், பாஸ்போர்ட் படமும் ஆதார் எண்ணும் அதன் வழியாக வெளி நிறுவனத்தின் கணினிக்குப் போகக்கூடும்.

2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தரவைப் பாதுகாக்கப் போதிய ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இதில் இடமுண்டு. வேலையை மென்பொருள் நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தாலும் விருந்தினர் தரவுக்கான பொறுப்பு விடுதியிடமே இருக்கும். அடையாள ஆவணங்களை ஏஜென்ட் கேட்காதபடி செய்வதும், நேரில் வரும்போது பார்த்துக்கொள்வதும் எளிய தீர்வு.

செலவு எவ்வளவு, சோதிப்பது எப்படி?

ஏஜென்ட்ஃபோர்ஸ் வந்தபோது சேல்ஸ்ஃபோர்ஸ் ஓர் உரையாடலுக்கு 2 டாலர் என்று விலை வைத்தது. நாளுக்கு 50 உரையாடல் என்றால் 100 டாலர். சின்ன விடுதிக்குக் கட்டுப்படியாகாது. 2025-ல் செயல் ஒன்றுக்கு 10 சென்ட் என்ற முறையையும் அந்நிறுவனம் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களின் கணக்கு வேறு வேறாக இருக்கிறது. மாதச் சந்தா, உரையாடல் கட்டணம், வாட்ஸ்அப் செய்திக் கட்டணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். தினமும் பத்துக் கேள்விதான் வருகிறது என்றால், வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் உள்ள ஆயத்தப் பதில்களே போதும்.

சோதனைக்குச் செலவே இல்லை. கடந்த மூன்று மாதத்தில் வாட்ஸ்அப்பில் வந்த உண்மையான கேள்விகளில் நூறைப் பெயர், எண்களை நீக்கிவிட்டு எடுத்து, ஒவ்வொன்றாக ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டும். ரிசப்ஷனில் அனுபவமுள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து, சரி, தவறு, ‘இதைச் சொல்லியிருக்கவே கூடாது’ என்று மூன்றாகப் பிரிக்கட்டும். மூன்றாவது வகையில் ஒன்றுகூட இல்லை என்ற நிலை வரும்வரை பொதுமக்களுக்குத் திறந்துவிடக் கூடாது. திறந்த பிறகும் முதல் மாதம் தினமும் உரையாடல்களைப் படிக்க வேண்டும்.

வேலை போய்விடுமா?

ஸ்வீடனின் கிளார்னா நிறுவனம் 2024 பிப்ரவரியில், தன் ஏ.ஐ. உதவியாளர் ஒரே மாதத்தில் 23 லட்சம் உரையாடல்களைக் கையாண்டதாகவும், அது 700 முழுநேர ஊழியர்களின் வேலைக்குச் சமம் என்றும் அறிவித்தது. 2025-ல் அதே நிறுவனத்தின் தலைவர், செலவைக் குறைப்பதில் காட்டிய கவனத்தால் சேவையின் தரம் குறைந்தது என்று ஒப்புக்கொண்டு, மனிதர்களை மீண்டும் சேர்க்கத் தொடங்கினார்.

பெரிய கால் சென்டர்களில் ஆட்குறைப்பு பற்றிய அச்சம் நியாயமானதே. பத்து அறை விடுதியிலோ நிலைமை வேறு. அங்கே ரிசப்ஷனில் இருப்பவர்தான் சாவி கொடுக்கிறார், ஆட்டோ பிடித்துத் தருகிறார், ராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரைத் தேடுகிறார். “செக்-இன் எத்தனை மணிக்கு?” என்று நூறாவது முறையாக டைப் செய்வதிலிருந்து அவரை விடுவிக்க ஏஜென்ட் உதவும். அதற்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்று தெரிந்தவரும் அவரே. விதிகளை எழுதும் நாளில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வதும், எழுதிய நேரத்துக்கு ஊதியம் கொடுப்பதும் உரிமையாளர் செய்யவேண்டிய முதல் முதலீடு.